டயரில் காற்று குறைந்தால் விமானம் விழுமா? 261 பேரைப் பலிகொண்ட ஜெட்டா விபத்து சொல்வது என்ன?

விமான விபத்து என்றதும் நமக்குத் தோன்றுவது இன்ஜின் கோளாறு, மோசமான வானிலை, பைலட் தவறு. சக்கரத்தில் காற்று குறைவாக இருந்ததால் ஒரு ஜெட் விமானம் நடுவானில் எரிந்து விழுந்தது என்றால் நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் 1991 ஜூலை 11 அன்று சவுதி அரேபியாவின் ஜெட்டாவில் நடந்தது அதுதான்.

ஹஜ் யாத்திரை முடிந்த நேரம். நைஜீரிய யாத்ரீகர்களை ஊருக்குத் திருப்பி அழைத்துச் செல்ல, கனடாவின் நேஷனேர் நிறுவனத்திடமிருந்து விமானங்கள் ஊழியர்களோடு சேர்த்து வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்தன. அதில் ஒன்று, 1968-ல் தயாரிக்கப்பட்ட நான்கு இன்ஜின் டிசி-8. அன்று காலை 247 பயணிகளும் 14 ஊழியர்களும் ஏறியிருந்தார்கள். போக வேண்டிய ஊர் நைஜீரியாவின் சொகோட்டோ. கிளம்பிய பத்தே நிமிடத்தில் 261 பேரும் இறந்துவிட்டார்கள். டிசி-8 ரக விமானங்களின் வரலாற்றில் இதைவிட அதிக உயிர்களைப் பலிகொண்ட விபத்து கிடையாது.

ரன்வேயில் அந்த 51 விநாடிகள்

பிரேக்கை விடுவித்து விமானம் ஓடத் தொடங்கி 15 விநாடிகள் இருக்கும். காக்பிட்டில் ஒரு அதிர்வுச் சத்தம். என்ன சத்தம் அது என்று ஃபிளைட் இன்ஜினியர் கேட்கிறார். டயர் பஞ்சராகியிருக்குமோ என்று துணை பைலட் சொல்கிறார். சொன்னது கிட்டத்தட்ட சரி. ஆனால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தெரியாமல் பிரேக்கில் கால் பட்டுக்கொண்டிருக்கிறதா என்று கேப்டன் கேட்க, இல்லை என்று பதில் வருகிறது. இந்தச் சின்ன உரையாடல் முடிவதற்குள் வேகம் 80 நாட்டைத் தொட்டுவிட்டது. மணிக்கு சுமார் 150 கிலோமீட்டர்.

வெளியே நடந்தது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. இடதுபக்கச் சக்கரத் தொகுதியில் ஒரே அச்சில் ஜோடியாக இருந்த 1-ம் எண் டயரும் 2-ம் எண் டயரும் அடுத்தடுத்து சிதைந்துவிட்டன. 2-ம் எண் சக்கரம் சுழலுவதையே நிறுத்தி, தரையில் தேய்ந்தபடி இழுபட்டது. உலோகம் ரன்வேயில் உரசி உரசி, ஒட்டிக்கொண்டிருந்த ரப்பர் தீப்பிடித்தது. தானாகவே தொடர்ந்து எரியும் அளவுக்குச் சூடு.

51-வது விநாடியில் விமானம் மேலே எழும்பியது. இடதுபக்கச் சக்கரத்துக்கு அருகே தீ எரிவதைத் தரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சக்கரங்கள் உள்ளே மடங்கியதும் அந்தத் தீ கண்ணிலிருந்து மறைந்தது.

ஆமாம், எரியும் சக்கரத்தை விமானம் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டது.

வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

சக்கரங்கள் மடங்கிப் போய் உட்காரும் இடத்துக்கு வீல் வெல் என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் குழி மாதிரிதான் தெரியும். ஆனால் விமானத்தின் நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் கூடும் இடம் அது. இறக்கையின் அசையும் பாகங்களையும் பிரேக்கையும் இயக்கும் ஹைட்ராலிக் குழாய்கள், மின்கம்பிகள், கட்டுப்பாட்டு இணைப்புகள். அதை ஒட்டியே எரிபொருள் டேங்க்.

முதலில் கேபினின் காற்றழுத்த அமைப்பு செயலிழந்தது. பிறகு சக்கரம் பற்றிய எச்சரிக்கை விளக்கு. பிறகு ஹைட்ராலிக். பைலட்டுகளுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து கோளாறுகள் ஒரே நேரத்தில் வருவது மாதிரி இருந்தது. அந்த விமானத்தின் வீல் வெல்லில் தீயையோ அதிக வெப்பத்தையோ காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கைக் கருவி இல்லை. கேபின் பணிப்பெண் ஓடிவந்து பின்னால் புகை கடுமையாக இருக்கிறது என்று சொன்னபோதுதான் விஷயத்தின் தீவிரம் முன்னால் இருந்தவர்களுக்குப் புரிந்தது. சில விநாடிகளில், விமானத்தைச் சாய்த்துத் திருப்ப உதவும் அய்லரான் வேலை செய்யவில்லை என்று துணை பைலட் சொன்னார்.

இதற்கு நடுவே ஒரு குழப்பம். கேப்டன் தரைக்கட்டுப்பாட்டை அழைத்தபோது, நைஜீரியன் 2120 என்று சொல்வதற்குப் பதில் பழக்கதோஷத்தில் தன் கம்பெனிப் பெயரைச் சொல்லிவிட்டார். அதே நேரத்தில் காற்றழுத்தப் பிரச்சினையோடு ஒரு சவுதி விமானமும் ஜெட்டாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பேசுவது அந்த விமானம்தான் என்று கட்டுப்பாட்டாளர் நினைத்துக்கொண்டார். சுமார் மூன்று நிமிடம் இந்தக் குழப்பம் நீடித்தது. சினிமாவாக இருந்தால் இதைத்தான் கிளைமாக்ஸாக வைத்திருப்பார்கள். ஆனால் நிஜத்தில் தீ அதற்குள் வெகுதூரம் போய்விட்டது. நடு எரிபொருள் டேங்க்கையும் துளைத்து, கேபின் தரையை எரித்து பலவீனமாக்கிவிட்டது. தரையிறங்க ரன்வேயை நெருங்கும்போது, இன்னும் சுமார் 18 கிலோமீட்டர் இருக்கும்போதே, விமானத்திலிருந்து உடல்கள் கீழே விழத் தொடங்கின. ரன்வேக்கு 2,875 மீட்டர் முன்னால் விமானம் நொறுங்கி விழுந்தது.

விசாரணை அறிக்கையில் ஒரு வரி மனதை உறுத்தும். சக்கரங்களை மடக்காமல் வெளியிலேயே விட்டிருந்தால் இந்த விபத்து ஒருவேளை தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்பதே அது. ஆனால் மேலே எழும்பியதும் சக்கரத்தை மடக்குவது பைலட்டுக்கு மூச்சு விடுவது மாதிரி. தீ எரிகிறது என்று யாராவது சொன்னால்தானே மடக்காமல் இருக்க முடியும்?

வீல் வெல் தீ அப்போது உலகத்துக்குப் புதிதும் அல்ல. 1963 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் சுவிஸ்ஏர் காரவெல் விமானம் ஒன்று இதே மாதிரி சக்கரப் பகுதியில் பிடித்த தீயால் விழுந்து 80 பேர் இறந்தார்கள். அங்கே காரணம் காற்று குறைவு அல்ல, அளவுக்கு மீறி சூடான பிரேக். வழி வேறு, போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்.

சரி, காற்று கொஞ்சம் குறைந்தால் அவ்வளவு ஆபத்தா?

நெடுஞ்சாலை ஓரத்தில் லாரியை நிறுத்திவிட்டு, டிரைவரோ கிளீனரோ ஒரு இரும்புக் கம்பியால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். சும்மா தட்டுவதில்லை. சத்தத்தை வைத்து எதில் காற்று இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். ஏன் கண்ணால் பார்த்தால் தெரியாதா? தெரியாது. பின்பக்கம் இருப்பது ஜோடி டயர். ஒன்றில் காற்று இறங்கினாலும் பக்கத்து டயர் எடையைத் தாங்கிக்கொண்டு வண்டியை நேராக நிறுத்தி வைக்கும். பைக் டயர் மாதிரி சப்பையாகத் தெரியாது.

விமானத்திலும் அச்சு அசலாக இதேதான் விஷயம். என்ன, அளவுகள்தான் வேறு. உங்கள் காரின் டயரில் 32 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று இருக்கும். பெரிய பயணிகள் விமானத்தின் டயரில் சுமார் 200 பிஎஸ்ஐ. ஒரு டயரில் அழுத்தம் குறைந்தால் அதன் பங்கு எடை ஜோடி டயர்மேல் ஏறும். நல்லபடியாக இருந்த டயர் அளவுக்கு மீறி நசுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி, விரிந்து, மறுபடி நசுங்கி, பக்கச்சுவருக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். ஒரு கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் மடியும் இடம் சுடுமே, அந்த மாதிரி. ரப்பருக்குள் இருக்கும் இழை அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பிடிப்பை இழக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது.

டயருக்குக் கஷ்டமான நேரம் தரையிறங்கும்போதுதான் என்று நாம் நினைப்போம். புகை கிளம்புவது அப்போதுதானே! உண்மையில் புறப்படும்போதுதான் அதிக சோதனை. டேங்க் நிறைய எரிபொருள், முழு எடை, அந்த எடையோடு ரன்வே முனை வரை நீண்ட ஓட்டம். ஜெட்டாவில் நடந்ததும் இதுதான். வெயில், முழு பாரம், நீண்ட டாக்ஸி. 2-ம் எண் டயரில் காற்று குறைவு. அதன் எடையையும் சேர்த்துச் சுமந்த 1-ம் எண் டயர் உள்ளுக்குள் வெந்துபோய், ஓட்டம் தொடங்கியதுமே முதலில் சிதைந்தது.

தெரிந்தே பறக்கவிட்டார்களா?

இந்த விபத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. 2-ம் எண், 4-ம் எண் டயர்களில் அழுத்தம், விமானத்தைப் பறக்க அனுப்பத் தேவையான குறைந்தபட்ச அளவைவிடக் கீழே இருப்பதைத் தலைமை மெக்கானிக் கண்டுபிடித்துவிட்டார். நிரப்புவதற்கும் முயன்றார். கைவசம் நைட்ரஜன் இல்லை. தாமதத்தை ஏற்க மனமில்லாத திட்ட மேலாளர் பிரச்சினையை ஒதுக்கிவிட்டு விமானத்தைப் பயணத்துக்குத் தயாராக்கினார். பறக்கத் தகுதி இல்லாத நிலையில் இருந்த விமானத்துக்குத் தகுதி உண்டு என்று கையெழுத்தும் விழுந்தது. டயர் விஷயம் பைலட்டுகளுக்குத் தெரியாது என்கிறது விசாரணை.

யோசித்துப் பாருங்கள். இங்கே யாரும் அறியாமையால் தவறு செய்யவில்லை. கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. ஒரு சிலிண்டர் நைட்ரஜன் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று முடிவெடுத்தவரின் கவலை அட்டவணை. ஆபீஸில் ‘இன்னிக்கு டெட்லைன், அதை அப்புறம் பாத்துக்கலாம்’ என்று சொல்லாதவர், கேட்காதவர் யார்? பராமரிப்பில் இருப்பவரை அந்த வாக்கியம் சொல்ல முடியாத இடத்தில் வைப்பதற்காகத்தான் விமானத் துறையில் இத்தனை செக்லிஸ்ட், இத்தனை கையெழுத்து. கால அட்டவணை பார்க்கிறவரின் குரல் மெக்கானிக்கின் குரலை அமுக்க முடிந்தால் அந்தக் காகிதங்களுக்கு அர்த்தம் இல்லை. நேஷனேர் 1993-ல் மூடப்பட்டது.

நைட்ரஜன் இல்லைன்னா சாதா காத்து அடிக்கக் கூடாதா?

பெட்ரோல் பங்க்கில் ‘நைட்ரஜன் அடிக்கட்டுமா சார்?’ என்று கேட்பார்கள். நம் பைக்குக்கு அது அவசியமா என்பது வேறு விவாதம். விமானத்துக்குக் கட்டாயம். காரணம், 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் நடந்த ஒரு விபத்து.

மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 மெக்சிகோ சிட்டியிலிருந்து கிளம்பியது. ஓடும்போது இடதுபக்க பிரேக் ஒன்று முழுதாக விடுபடாமல் உரசிக்கொண்டே இருந்ததால் சக்கரம் கடுமையாகச் சூடாகியிருந்தது. அந்தச் சூட்டோடு சக்கரம் உள்ளே மடங்கியது. அந்த டயரில் நிரப்பியிருந்தது நைட்ரஜன் அல்ல, சாதாரண காற்று. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். சூட்டில் ரப்பரிலிருந்து கிளம்பும் வாயுக்களோடு ஆக்ஸிஜன் சேர்ந்தால் டயர் வெறுமனே வெடிப்பதில்லை, வெடிகுண்டு மாதிரி வெடிக்கும். வெடித்தது. எரிபொருள் குழாய், ஹைட்ராலிக், மின்கம்பி எல்லாம் அறுந்து, தீப்பிடித்து, மலையில் மோதி 167 பேர் இறந்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டே, பெரிய விமானங்களின் சக்கர டயர்களில் ஆக்ஸிஜன் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை உத்தரவிட்டது. நைட்ரஜனில் ஈரப்பதம் இல்லை, உயரத்தில் உறையாது, சக்கரத்தை அரிக்காது என்ற வசதிகளும் உண்டு. ஆனால் சட்டமானதற்குக் காரணம் வெடிப்புதான்.

நிறுத்தியிருக்கலாமே?

ஜெட்டா கதையைக் கேட்டதும் பலர் கேட்பது இது. அந்தச் சத்தம் கேட்டபோதே பிரேக் போட்டிருக்கலாமே?

வேகம் குறைவாக இருந்தபோது முடிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்கூட்டியே கணக்கிட்ட ஒரு வேகம் உண்டு. வி1 என்பார்கள். அதைத் தாண்டிவிட்டால் மிச்சமுள்ள ரன்வேக்குள் நிறுத்த முடியாது, எது நடந்தாலும் மேலே போய்த்தான் ஆக வேண்டும். அதிலும் பிரேக் பிடிக்க வேண்டியது டயர்தான். டயரே போய்விட்டால் அந்தக் கணக்கும் செல்லாது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் 2008 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் கொலம்பியாவில் நடந்தது. லியர்ஜெட் 60 என்ற சிறிய தனியார் ஜெட். ஓடும்போது டயர்கள் வெடித்தன. வி1 வேகத்தைத் தாண்டிய பிறகு கேப்டன் நிறுத்த முயன்றார். சிதறிய டயர்த் துண்டுகள், விமானம் தரையில் இருக்கிறதா வானில் இருக்கிறதா என்று சொல்லும் அமைப்பைச் சேதப்படுத்திவிட்டன. விமானம் தான் வானில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, பின்னுக்குத் தள்ள வேண்டிய ரிவர்ஸரை மூடிவிட்டது. நிறுத்தப் பார்த்தவர்களை இன்ஜின் முன்னால் தள்ளியது. ரன்வேயைத் தாண்டி, வேலியை உடைத்து, சாலையைக் கடந்து, மேட்டில் மோதி எரிந்தது. ஆறு பேரில் நால்வர் இறந்தார்கள். தீக்காயங்களோடு தப்பிய இருவரில் ஒருவர் பிளிங்க்-182 இசைக்குழுவின் டிரம்மர் டிராவிஸ் பார்க்கர்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டுபிடித்த காரணம் ரொம்பச் சாதாரணமானது. சுமார் மூன்று வாரமாக யாரும் டயர் அழுத்தத்தைப் பார்க்கவில்லை. அந்த ரக டயரில் எந்த ஓட்டையும் இல்லாமலேயே தினம் 2 சதவீதம் அளவுக்கு அழுத்தம் குறையும். எட்டு நாள் பார்க்காமல் விட்டால் டயரையே மாற்ற வேண்டிய நிலை வந்துவிடும். ஜெட்டாவில் பார்த்தும் சரிசெய்யவில்லை, கொலம்பியாவில் பார்க்கவே இல்லை.

இப்போ எப்படி?

டயர் அழுத்தத்தைத் தினமும் பார்க்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். அதுவும் டயர் ஆறிய பிறகு. சூடாக இருக்கும்போது அழுத்தம் கூடிக் காட்டும், குறைவு மறைந்துவிடும். அளவு கொஞ்சம் குறைந்திருந்தால் நிரப்பிக் குறித்து வைக்கலாம். 90 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் நிரப்பிச் சமாளிப்பது கிடையாது, கழற்ற வேண்டும். 80 சதவீதத்துக்கும் கீழே என்றால் அந்த டயரை மட்டுமல்ல, அதே அச்சில் இருக்கும் ஜோடி டயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். ‘நல்லாத்தானே இருக்கு, இதை ஏன் கழட்டணும்?’ என்று தோன்றும். ஜெட்டாவின் 1-ம் எண் டயரை நினைத்தால் தோன்றாது.

சக்கரத்திலேயே குறிப்பிட்ட சூட்டில் உருகி, டயர் வெடிப்பதற்கு முன் வாயுவை வெளியே விட்டுவிடும் பிளக்குகள் உண்டு. பிரேக் சூட்டைக் காட்டும் மானிகள், வீல் வெல் தீ எச்சரிக்கை, புதிய விமானங்களில் டயர் அழுத்தத்தைக் காக்பிட்டிலேயே காட்டும் சென்சார் என்று நிறைய வந்துவிட்டன.

டயரோடு லேண்டிங் கியர் முடிவதில்லை. 2007-ல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ்ஸின் டேஷ் 8 விமானங்களில், ஏழே வாரத்துக்குள் மூன்று முறை தரையிறங்கும்போது சக்கர அமைப்பு கைவிட்டது. டென்மார்க்கின் ஆல்போர்க்கில், சக்கரத்தை ஏற்றி இறக்கும் ஆக்சுவேட்டருக்குள் மரைகள் துருவேறி அரித்துப்போயிருந்தன. கோபன்ஹேகனில், அதே ஆக்சுவேட்டருக்குள் இடம் மாறிப்போன ஒரு சின்ன ரப்பர் வளையம் பாதையை அடைத்திருந்தது. மூன்றிலும் யாரும் சாகவில்லை. ஆனால் எஸ்ஏஎஸ் அந்த ரகத்தின் 27 விமானங்களையும் மொத்தமாகப் பறப்பிலிருந்து எடுத்துவிட்டது. பணம் நஷ்டம்தான். செய்தார்கள்.

பயணியாக நம்மால் டயரைத் தட்டிப் பார்க்க முடியாது. நம் கைக்கு வருவது வேறு ஒரு விஷயம்: கேட்டில் உட்கார்ந்திருக்கும்போது ‘தொழில்நுட்பக் காரணத்தால் விமானம் 50 நிமிடம் தாமதம்’ என்ற அறிவிப்பு. போனை எடுத்து நிறுவனத்தை டேக் செய்து திட்டுவதற்குக் கை துறுதுறுக்கும். கனெக்‌ஷன் போய்விடும், மீட்டிங் போய்விடும், கோபம் நியாயம்தான். தாமதத்துக்கு முன்கூட்டித் தகவல் சொல்லவில்லை, சாப்பாடு தரவில்லை என்றால் தாராளமாகத் திட்டலாம். ஆனால் கண்ணாடி வழியே கீழே பார்த்து, ஜாக்கி வைத்துத் தூக்கிய விமானத்தில் இரண்டு பேர் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தால், அவர்களை அவசரப்படுத்தச் சொல்லி ட்வீட் போடாதீர்கள். பக்கத்துச் சக்கரத்தையும் சேர்த்துக் கழற்றினால் இன்னும் கொஞ்சம் நேரமாகும். போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.